தனியாக நின்று பிள்ளை வளர்ப்போரும் படிக்கலாம்

நம் சங்க இதழில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அடிக்கடி எழுதுகிறோம். எந்தப் பள்ளி, எந்தக் கோச்சிங், எந்த நுழைவுத் தேர்வு என்று பேச்சு அதிலேயே நின்றுவிடுகிறது. பெற்றவர்களின் படிப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதிலும் கணவரை இழந்தோ பிரிந்தோ தனியாக நின்று பிள்ளை வளர்க்கும் ஒரு பெண், விட்ட படிப்பை மறுபடி தொடர நினைத்தால் என்ன வழி உண்டு, எங்கே தடை வரும் என்பது பற்றி நம்மிடையே பேச்சே கிடையாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. மனைவியை இழந்து பிள்ளைகளோடு தனித்து நிற்கும் ஆண்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நான் கல்வித் துறை நிபுணன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு, கிழக்கு ரயில்வேயின் பணிமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிமனையில் ஒரு வேலையை எடுத்தால் என்ன சாமான் வேண்டும், எத்தனை ஆள் வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் கையை வைப்போம். அதே கணக்கை இந்த விஷயத்திலும் போட்டுப் பார்த்தேன். அதில் கிடைத்ததை முறையாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் வாழ்ந்த ஒரு முன்னோடி

முதலில் ஒரு வரலாறு. இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் என்று அறியப்படுபவர் அ. லலிதா. சென்னையில் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். வீட்டில் ஆண் பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள். பெண்களுக்குப் பள்ளிப் படிப்போடு சரி. லலிதாவுக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. 1937-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். அப்போது லலிதாவுக்கு வயது 18.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஊரும் உறவும் என்ன எழுதி வைத்திருந்தன என்று பெரியவர்களுக்குத் தெரியும். லலிதா வேறு வழி எடுத்தார். தந்தை வீட்டுக்கு வந்து, ராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் படித்துத் தேறினார். 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில் அதுவரை பெண்கள் படித்ததில்லை. 1943-ல் படிப்பை முடித்தார். அங்கே பட்டச் சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடித்து வைத்திருந்ததால், அதை அடித்துப் பெண்பாலாகத் திருத்தித் தர வேண்டியிருந்தது.

அடுத்து வருவது ரயில்வேக்காரர்கள் பெருமைப்படும் செய்தி. பட்டத்துக்கு வேண்டிய செயல்முறைப் பயிற்சியை அவர் பெற்றது பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பணிமனையில். 1862-ல் தொடங்கிய பணிமனை அது. 1899-லேயே நீராவி எஞ்சின் கட்டிய இடம். வார்ப்படச் சாலையின் அனலும், சம்மட்டிச் சத்தமும், எண்ணெய்ப் பிசுக்கும் என்னவென்று அங்கே நின்று வேலை பழகியவர்களுக்குத் தெரியும். என்னைப் போன்ற பையன்களுக்கே முதல் ஒரு மாதம் கை கால் ஓயும். 1940-களில் குழந்தையைப் பிரிந்து வந்த ஓர் இளம்பெண் அங்கே பயிற்சி பெற்றார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் உதவிப் பொறியாளராக இருந்தார். அதன்பின் சில காலம் தந்தையின் ஆராய்ச்சியில் துணை நின்றார். 1948-ல் கல்கத்தாவுக்கு வந்து அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின் கடத்துப் பாதைகளை வடிவமைப்பதும் துணை மின் நிலையங்களுக்கு வரைபடம் போடுவதும் அவர் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. லண்டன் மின் பொறியாளர் கழகம் 1953-ல் அவரைத் துணை உறுப்பினராக ஏற்றது. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டில் கலந்துகொண்டார். 1977-ல் ஓய்வு பெற்று, 1979 அக்டோபர் 12-ல் தம் 60-ஆம் வயதில் காலமானார். ஏறத்தாழ 30 ஆண்டு நம் கல்கத்தாவில் வேலை பார்த்தவர். நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரியாது.

அவருக்குக் கிடைத்த நான்கு உதவிகள்

லலிதாவின் கதையைச் சொல்லும்போது எல்லோரும் அவருடைய மன உறுதியைப் பாராட்டுவார்கள். அது சரிதான். ஆனால் மன உறுதியை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாடம் பாதியாகிவிடும். அவருக்கு நான்கு உதவிகள் கிடைத்தன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கதவைத் திறந்துவிட ஓர் ஆள். பெண்ணைச் சேர்க்க முடியுமா என்று கல்லூரி தயங்கியபோது, தந்தை முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் கல்வித் துறை இயக்குநரிடமும் பேசி அனுமதி வாங்கினார்.

இரண்டாவது, கூடப் படிக்கத் துணை. நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் இடத்தில் மகள் ஒருத்தியாக இருப்பதைப் பார்த்த தந்தை, இன்னும் பெண்கள் சேர வேண்டும் என்று முயன்றார். கல்லூரி பெண்களுக்கும் இடம் உண்டு என்று விளம்பரம் செய்தார்கள். லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஒருத்திக்காகத் திறந்த கதவு மூவருக்குப் பயன்பட்டது.

மூன்றாவது, குழந்தைக்கு ஓர் இடம். லலிதா கல்லூரி விடுதியில் இருந்தார். குழந்தை அண்ணன் குடும்பத்தில் வளர்ந்தது. வாரக் கடைசியில் தாய் போய்ப் பார்த்து வருவார். சிம்லாவுக்குப் போனபோதும் கல்கத்தாவுக்கு வந்தபோதும், அங்கே உடன்பிறந்தவர் வீடு இருந்ததுதான் அவருக்குத் தைரியம். எந்த ஊரில் வேலை என்பதைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதோடு சேர்த்தே முடிவு செய்தார்.

நான்காவது, வேலை நேரத்தைப் பற்றிய தெளிவு. மருத்துவம் படிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. நடுராத்திரியில் அழைப்பு வந்தால் குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று அதை ஒதுக்கினார். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலையாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. படிப்பின் பெருமையை மட்டும் பார்க்காமல், அந்தப் படிப்பு கொண்டுவரும் வேலையின் நேரத்தையும் பார்த்தார். இன்றைக்கும் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

"பேராசிரியர் மகளுக்கு எல்லாம் அமைந்தது, நமக்கு எங்கே அமையும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.

ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா?

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது நாம் இக்னோ என்று சொல்லும் இடத்தில், படிப்பைக் கிரெடிட் என்ற அளவால் அளக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. பாடம் வாசிப்பது, எழுதிப் பார்ப்பது, வகுப்புக்குப் போவது எல்லாம் அதில் அடக்கம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட அமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். 120-ஐ 30-ஆல் பெருக்கினால் 3,600 மணி நேரம்.

நாளைக்கு ஒரு மணி நேரம் படித்தால் 3,600 நாள், ஏறத்தாழ பத்து ஆண்டு. இரண்டு மணி நேரம் படித்தால் 1,800 நாள், ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் அவகாசத்துக்குள் முடியாது. இரண்டு மணி நேரம் என்றால், குழந்தைக்குக் காய்ச்சல், பண்டிகை, ஊர்ப் பயணம் எல்லாம் போக முடித்துவிடலாம். ஆகப் பட்டம் கைக்கு வருமா வராதா என்பது அந்த இரண்டாவது மணி நேரத்தில் இருக்கிறது.

முதல் மணி நேரத்தைத் தாயே தேடிக்கொள்வார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தோ, பிள்ளைகள் தூங்கிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டோ எடுத்துவிடுவார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். வேலைக்குப் போய், சமைத்து, துணி துவைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து முடித்தபின் இன்னொரு மணி நேரம் அவர் கையில் இருக்காது. அதை மற்றவர்கள்தான் தர வேண்டும். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

எங்கள் தலைமுறை டிப்ளமாக்காரர்கள் பலர் வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதினார்கள். தேறியவர்கள் பட்டதாரிப் பொறியாளருக்குச் சமம் ஆனார்கள். அவர்கள் படிக்கும்போது பிள்ளைகளை அடுத்த அறைக்கு அழைத்துப் போனவர் யார்? இரவு பத்து மணிக்கு டீ போட்டுக் கொடுத்தவர் யார்? மனைவிமார்கள்தான். அந்த இரண்டாவது மணி நேரம் வீட்டிலிருந்தே வந்தது. தனித்து நிற்பவருக்கு வீட்டில் அதைத் தர ஆள் இல்லை. வித்தியாசம் மூளையில் இல்லை, முயற்சியில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

நான் கண்ட ஒரு சகோதரி

நான் வேலை பார்த்த பணிமனையில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. கணவர் ஃபிட்டர், 1996-ல் இறந்துபோனார். இவருக்கு வயது 27. பையனுக்கு ஐந்து, பெண்ணுக்கு இரண்டு. பத்தாவது வரை படித்திருந்தார். கொடுத்தது கலாசி வேலை. எடுபிடி வேலை செய்துகொண்டே ஓய்வு வரை இருந்துவிடலாம். பலர் அப்படித்தான் இருந்தார்கள்.

அவர் 1998-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிந்தார். ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் எழுதவில்லை. ஒரு தடவை இரண்டு, அடுத்த தடவை இரண்டு, பிறகு ஒன்று. விடியற்காலை ஒரு மணி நேரம் அவருடையது. மாலையில் ஒரு மணி நேரத்தைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த வங்காளி அம்மாள் தந்தார். "பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போ" என்று தாமே அழைத்துப் போவார். ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். இதற்காக யாரும் ஒரு பைசா வாங்கவில்லை.

நடுவில் துறைத் தேர்வு எழுதி ஜூனியர் கிளார்க் ஆனார். 2001-ல் இக்னோவில் பி.ஏ. சேர்ந்து 2006-ல் முடித்தார். பட்டதாரிகளான கிளார்க்குகளுக்கு என்று ரயில்வேயில் ஓர் ஒதுக்கீடு உண்டு. அந்தத் தேர்வையும் எழுதி சீனியர் கிளார்க் ஆனார். எட்டு ஆண்டு ஆயிற்று. அவர் பட்டம் வாங்கியபோது பையனுக்குப் பதினைந்து வயது. "அம்மாவும் நானும் ஒரே மேஜையில்தான் படித்தோம்" என்று அவன் சொல்வான். பிள்ளையை உட்காரவைத்து "படி, படி" என்று சொல்வதைவிட அது நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

பேராசிரியர் மகளுக்கு அமைந்தது நமக்கு அமையுமா என்ற கேள்விக்கு இதுதான் பதில். அண்ணன் வீடு இல்லை, ஆனால் பக்கத்து வீடு இருந்தது. தந்தை இல்லை, ஆனால் ஓர் ஆசிரியர் இருந்தார். அளவு சிறிது, உதவி அதேதான்.

இன்றைக்கு உள்ள வழிகள்

இனி வழிகளைச் சொல்கிறேன். தாய்மார்கள் தமக்குப் பொருந்துவதைக் குறித்துக்கொள்ளலாம்.

1. பள்ளிப் படிப்பு முடியாதவர்கள்: தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989-ல் தொடங்கியது. 2002-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்று பெயர் மாறியது. வயது உச்சவரம்பு கிடையாது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு தடவை பொதுத் தேர்வு உண்டு. ஒரு தடவை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும். தேறிய பாடம் கணக்கில் நிற்கும், மீதியை மட்டும் எழுதினால் போதும். பத்தாம் வகுப்பு மொழிப் பாடங்களில் தமிழும் உண்டு. வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இது பெரிய வசதி.

2. பன்னிரண்டாவது முடித்தவர்கள்: 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இக்னோவில் பட்டப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். பொதுவாக வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு 30 பங்கு, தேர்வுக்கு 70 பங்கு மதிப்பெண். ஒப்படைப்பைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதவர்கள் பாதிக் கிணறு தாண்டியவர்கள்.

3. "அஞ்சல் வழிப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா?" என்ற கேள்வி: மானியக் குழு அங்கீகரித்த நிறுவனத்தில் தொலைநிலை வழியில் பெற்ற பட்டம், நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022-ல் தெளிவாக அறிவித்தது. அங்கீகாரம் உண்டா என்பதைச் சேரும் ஆண்டில் மானியக் குழுவின் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. ஓர் எச்சரிக்கை: மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக்கூடாது என்பது மானியக் குழுவின் விதி. "நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கிளை இங்கே இருக்கிறது, பணம் கட்டினால் போதும்" என்று தமிழில் பேசிக்கொண்டு யாராவது வந்தால், மொழிப் பாசத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.

5. பொறியியல் ஆசை உள்ளவர்கள்: எங்கள் காலத்து ஏ.எம்.ஐ.இ. வழி இன்று இல்லை. 2013 மே 31 வரை பதிந்தவர்களுக்குத்தான் அதற்கு அரசின் சமநிலை அங்கீகாரம். தொழில்நுட்பக் கல்வியை அஞ்சல் வழியில் தர முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2017-ல் தீர்ப்பளித்தது. ஆனால் ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமாவிலும், டிப்ளமா முடித்தவர் பி.டெக். படிப்பிலும் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் டிப்ளமா, பட்ட வகுப்பு நடத்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2023-24 கல்வியாண்டிலிருந்து கல்லூரிகளுக்கு அனுமதி தருகிறது. உங்கள் வட்டாரத்தில் எந்தக் கல்லூரி அனுமதி பெற்றிருக்கிறது என்று விசாரியுங்கள்.

6. மத்திய அரசு ஊழியர்கள்: குழந்தைப் பராமரிப்பு விடுப்பு முழுப் பணிக்காலத்துக்கும் 730 நாள். 2018 முதல் தனித்து நிற்கும் தந்தைக்கும் இது உண்டு. மற்றப் பெண்கள் ஆண்டுக்கு மூன்று தவணையாக எடுக்கலாம் என்றால், தனித்து நிற்கும் தாய் ஆறு தவணை எடுக்கலாம். இது பிள்ளைக்காகத் தரும் விடுப்பு, நம் தேர்வுக்காக அல்ல. ஆனால் பிள்ளையின் காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் இந்த விடுப்பை எடுத்தால், சொந்த விடுப்பு நம் தேர்வுக்கு மிச்சமாகும்.

பெயரும் காகிதமும்

தமிழர்களுக்கு வெளி மாநிலத்தில் வரும் தனித் தொல்லை ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் இனிஷியலோடு பெயர் இருக்கும். திருமணமானபின் ஆதாரில் கணவர் பெயர் பின்னால் சேர்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியலை விரித்து, அதையே குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒருவரே என்று விண்ணப்பம் பார்க்கும் குமாஸ்தாவுக்குப் புரியாது. கணவர் உடன் இல்லாத பெண்ணிடம் அவர் இன்னும் இரண்டு கேள்வி அதிகமாகக் கேட்பார்.

விண்ணப்பம் போடுவதற்கு ஆறு மாதம் முன்பே இதைச் சரிசெய்துகொள்வது நல்லது. பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். முடியாத இடத்தில் மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் எழுதிய பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால், நகல் வாங்குவது சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் வழியாக. ஊருக்குப் போகும் உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. பின்தொடர்ந்து கேட்க வேண்டும்.

சங்கம் என்ன செய்யலாம்?

இரண்டாவது மணி நேரத்தை மற்றவர்கள் தர வேண்டும் என்று சொன்னேன். அந்த மற்றவர்கள் யார்? ஊரில் என்றால் அம்மா, அத்தை, சித்தி என்று இருப்பார்கள். பிழைப்புக்காக ஆயிரம் மைல் தாண்டி வந்த நமக்கு அவர்கள் இல்லை. வந்த இடத்தில் சொந்தத்துக்குப் பதில் சொந்தமாக நாம் அமைத்துக்கொண்டதுதான் தமிழ்ச் சங்கம். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுகிறோம். இந்தக் காரியத்துக்கும் கூடலாம். பெரிய நிதி வேண்டாம். நான் நினைப்பது நான்கு காரியம்.

முதலில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. பிள்ளைகள் இரண்டு மணி நேரம் அங்கே உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் தாய்மார்கள் வராந்தாவில் காத்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி போட்டால் அது படிப்பறை ஆகிவிடும். பிள்ளை தமிழ் படிக்கும், தாய் தம் பாடம் படிப்பார். வகுப்பை வாரம் மூன்று நாள் மாலையிலும் நடத்தினால் இன்னும் நல்லது. பிறகு அங்கே இரண்டு பேர் சேர்வார்கள், மூன்று பேர் சேர்வார்கள். லலிதாவுக்கு லீலாம்மாவும் திரேசியாவும் கிடைத்தது போலத் துணை தானாகக் கிடைக்கும்.

இரண்டாவது, தேர்வு நாள். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு மூன்று மணி நேரம் என்றால், போக வர இந்த ஊர் நெரிசலில் இன்னொரு மூன்று மணி நேரம். அந்த ஒரு நாளைக்குக் குழந்தையை வைத்துக்கொள்ள இரண்டு வீடு முன்வந்தால் போதும். ஆண்டுக்கு ஏழெட்டு நாள்தான். யார் எந்த நாள் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டிவிடலாம். பணிமனையில் ஷிப்ட் போடுவது போலத்தான்.

மூன்றாவது, என் போன்ற ஓய்வு பெற்றவர்கள். விண்ணப்பம் நிரப்புவது, பெயர்த் திருத்தம், கணக்கு, ஆங்கிலம் என்று எங்களால் முடிந்ததைச் செய்யலாம். பொழுது போகவில்லை என்று பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுவதில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தாலே போதும்.

நான்காவது, கட்டணம். மொத்தமாகக் கட்ட முடியாதவருக்குச் சங்கம் கைமாற்றாகத் தந்து, மாதம் கொஞ்சமாகத் திரும்பப் பெறலாம். தானமாகத் தந்தால் வாங்கத் தயங்குவார்கள். கடனாகத் தந்தால் தலை நிமிர்ந்து வாங்குவார்கள்.

பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "இந்த வயதில் என்ன படிப்பு?", "பிள்ளையைப் பார்ப்பாளா, புத்தகத்தைப் பார்ப்பாளா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் கேட்ட அன்றைக்கு அந்தப் பெண் புத்தகத்தைத் திறப்பதில்லை. கணக்குப்படி இரண்டு மணி நேரம் போயிற்று. "பிள்ளையை இன்று எங்கள் வீட்டில் விடு" என்று சொன்னால் அந்த இரண்டு மணி நேரமும் மிச்சம்.

படிக்க நினைக்கும் சகோதரிகளுக்கு

உங்களுக்கு இரண்டு வார்த்தை. எல்லாம் சரியாக அமைந்தபிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதல் அரை ஆண்டில் ஒரு தாள், இரண்டு தாள் மட்டும் எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டு நடைமுறைக்கு எவ்வளவு தாங்கும் என்று அதில் தெரிந்துவிடும். நாளைக்கு எத்தனை நிமிடம் படித்தீர்கள் என்று காலண்டரில் குறித்து வாருங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். குறைந்தால் மனம் தளர வேண்டாம், அந்த நேரம் எங்கே போனது என்று மட்டும் பாருங்கள்.

பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "அம்மாவுக்கும் பரீட்சை இருக்கிறது" என்று தெரிந்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் சற்று நேரம் சத்தம் போடாமல் இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை இருக்காது, அதற்குத்தான் பக்கத்து வீடு. உதவி கேட்கக் கூச்சம் வேண்டாம். கேட்பது கடன் அல்ல, முறை வைத்துச் செய்வது. நீங்கள் தேறியபின் அடுத்து வரும் பெண்ணின் குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்வீர்கள்.

அடுத்த சேர்க்கைக்குப் பதிய விரும்புகிறவர்கள் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பழைய மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நேரத்தில் சங்கத்துக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க நான் அங்கே இருப்பேன். குழந்தையையும் அழைத்து வரலாம்.